செல்லாக் காசு: அமைதிப்படை அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

சித்தூர், திருப்பதி பக்கத்து ஊர்களிலிருந்து இலங்கைக்குப் போய், 1990-க்குள் திரும்பி வந்த அண்ணன்மாருக்கு,



உங்களில் ஒருவருக்கு நான் ஒரு டீ கடன்பட்டிருக்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. முகம்கூட இப்போது சரியாக நினைவில் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். அவர் கண்ணில் பட்டால் படட்டும்.

1990 ஏப்ரல் முதல் வாரம். ரேணிகுண்டா ஜங்ஷனில் அப்பா டீ ஸ்டால் நடத்தி வந்தார். நான் இன்டர் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, ராத்திரி வேளைகளில் அவருக்கு ஒத்தாசையாக நின்றுகொண்டிருந்தேன். சென்னையிலிருந்து வரும் பம்பாய் மெயில் நள்ளிரவு தாண்டி வந்து நின்றது. பச்சை உடுப்பில் ஒருவர் இறங்கினார். ஒரு கையில் கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும். தோளில் ஹோல்டால். விடிந்ததும் திருப்பதி போய், பாகாலா வண்டி பிடிக்க வேண்டும் என்றார். டீ கேட்டார். குடித்துவிட்டு ஒரு ரூபாய்க் காசை மேசைமேல் வைத்தார்.

எடுத்துக் கல்லாவில் போடப் போனவன் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். காசில் தமிழ் எழுத்து. நம் காசில் இந்தியும் இங்கிலீஷும்தான் இருக்கும். இதில் சிங்களத்துக்குப் பக்கத்தில் ‘ரூபாய்’ என்று தமிழில் இருந்தது. அளவும் கனமும் ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் மாதிரியே. அவர் சட்டைப்பையில் இரண்டும் கலந்து கிடந்திருக்க வேண்டும்.

“இது செல்லாது” என்றேன். சொன்ன விதம் இப்போது யோசித்தால் கூசுகிறது. ஏமாற்ற வந்தவனைப் பிடித்துவிட்ட மாதிரிச் சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எதுவும் பேசவில்லை. அந்தக் காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஓம்” என்றார். ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சொல். அப்புறம் பையைத் துழாவி நம் ஊர் ரூபாய் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, பெட்டிமேல் போய் உட்கார்ந்துகொண்டார். விடியும்வரை அங்கேயே இருந்தார்.

அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. என்னை உறுத்துவது அதுதான். 1971-ல் மிலிட்டரி ஸ்பெஷல் வண்டி நின்றபோதெல்லாம் ஜவான்களிடம் காசு வாங்காமல் டீ ஊற்றியவர் அவர். ஊர்ப் பெண்கள் புளியோதரைப் பொட்டலம் கட்டி ஜன்னல் வழியாகக் கொடுத்ததை நூறு தடவை சொல்லியிருப்பார். அதே மனிதர் 1990-ல் ஒரு ரூபாய்க்கு வாய் திறக்கவில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது இதே ஸ்டாலில் அகதிகளுக்காக உண்டியல் வைத்தவரும் அவர்தான். உங்களை வரவேற்றால் அந்த உண்டியலுக்குத் துரோகம். வரவேற்காவிட்டால் 1971-க்குத் துரோகம். இரண்டுக்கும் நடுவில் நின்றவர், பால் கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். உங்களைப் பார்த்தபோது நம்மில் பலரும் செய்தது அதுவேதான்.

உங்களுக்குத் தெரிந்த கதையை உங்களுக்கே சொல்ல வரவில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கு அமைதிப்படை என்றால் என்னவென்றே தெரியாது. அவர்களுக்காகச் சிலதைச் சொல்லியாக வேண்டும்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்; அதன்படி இலங்கைக்குப் போன இந்தியப் படைதான் அமைதிப்படை. மறுநாள் அணிவகுப்பைப் பார்வையிட்ட ராஜீவ் காந்தியை, வரிசையில் நின்ற சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடித்தான். நாட்டின் பிரதமருக்கே கிடைத்த மரியாதை அது. உங்களுக்கு ஆரம்பத்தில் அதைவிட நல்ல வரவேற்பு இருந்தது. யாழ்ப்பாணத்துச் சனங்கள் உங்கள் வண்டிகளை மறித்து மாலை போட்டார்கள். சிங்கள ராணுவத்திடமிருந்து காப்பாற்ற வந்தவர்கள் என்று நம்பினார்கள். இந்தப் போரில் உங்களுக்கு விழுந்த மாலைகள் எல்லாம் அந்த ஆகஸ்டில் விழுந்தவைதான். அக்டோபர் பிறந்தபோது பூவும் வாடிவிட்டது, நம்பிக்கையும் வாடிவிட்டது. விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதமிருந்து இறந்தார். பிடிபட்ட புலிகளின் தளபதிகள் பலாலியில் சயனைடு கடித்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் புலிகளோடு சண்டை மூண்டது. அமைதி காக்கப் போன படை, காக்கப் போன சனங்களின் தெருக்களிலேயே சுட ஆரம்பித்தது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் அக்டோபர் 11 இரவு ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் முப்பது பேரில் ஒருவரைத் தவிர அத்தனை பேரும் அங்கேயே செத்தார்கள். அந்த ஒருவரும் கைதியானார். கையில் நம் பழைய எஸ்.எல்.ஆர்., எதிரில் ஏ.கே.47. சண்டைக்குப் போகிறோம் என்று சொல்லி அனுப்பப்படாதவர்கள் சண்டை போட்டார்கள். 32 மாதத்தில் 1,100-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. 3,000-க்கும் மேற்பட்டோர் காயத்தோடு திரும்பினார்கள்.

அவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் என்ற தமிழர் ஒருவர். எட்டாவது மகார் படைப்பிரிவு. 1987 நவம்பர் 25 அன்று மார்பில் குண்டு பாய்ந்த நிலையிலும் சுட்டவன் கையிலிருந்த துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டுவிட்டு, உயிர் பிரியும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்தவர். இலங்கைப் போருக்கான ஒரே பரமவீர சக்கரம் அவருக்குத்தான். 2023-ல் அந்தமானில் ஒரு தீவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். ரேணிகுண்டா பஜாரில் நின்று அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள். எந்த சினிமாவில் நடித்தவர் என்று கேட்பார்கள்.

கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையில் கப்பலேறியது. சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் சொன்ன காரணம். இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதையே அவருடைய துணிச்சல் என்று கொண்டாடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மாலை போட அவர் மறுத்ததைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் துக்க வீட்டுக்குக்கூட நாம் வெறுங்கையோடு போய், பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிற வழக்கம் உள்ளவர்கள். அப்படியாவது யாராவது போயிருக்கலாம்.

தில்லியின் கதை அதைவிட மோசம். அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உங்களை அனுப்பியவர்கள் 1989 நவம்பரில் தேர்தலில் தோற்றுப் போயிருந்தார்கள். திரும்ப அழைத்த வி.பி. சிங் அரசுக்கு அது தன் போராகத் தெரியவில்லை. இலங்கை அதிபர் பிரேமதாசாவோ 1989-லேயே கெடு வைத்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அனுப்பியவருக்கும் வேண்டாம், அழைத்தவருக்கும் வேண்டாம், போன இடத்துக்கும் வேண்டாம். ஆந்திரத்தில் அதைத் ‘தமிழர் விவகாரம்’ என்றார்கள். தமிழ்நாட்டில் ‘தமிழரை அடித்த படை’ என்றார்கள். நம் ரேணிகுண்டாவோ இரண்டும் கெட்டான். 1960-ல் எல்லை பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, காலையில் முதல் வண்டியில் வரும் சென்னைப் பத்திரிகை, அதற்கு முன்பே வாசலில் விழும் ஈநாடு. உங்கள் விஷயத்தில் அது நமக்கு வசதியாகப் போயிற்று. எந்தப் பக்கமும் பேச வேண்டியதில்லை.

இனி உங்களுக்குக் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் நன்றி சொன்னால் அந்த நன்றியை நீங்களே நம்பமாட்டீர்கள்.

1987 அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை புகுந்து சுட்டதில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் செத்தார்கள். தீபாவளி நாள் அது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட சாதாரண சனங்கள் கொல்லப்பட்டார்கள். அங்கே இழந்தவர்களின் வீடுகளில் இன்னும் படத்துக்கு விளக்கு எரிகிறது. அவர்களிடம் போய், எங்கள் அண்ணன்மாரை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. உங்களுக்கும் அந்த நினைப்பு இருக்காது என்று நம்புகிறேன்.

ஆனால் அந்த இரண்டு இடங்களிலும் இன்னார் இன்ன கட்டளை கொடுத்தார், இன்னார் சுட்டார் என்று விசாரித்து வெளிப்படையாகச் சொல்ல எந்த அரசும் முன்வரவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதால்தான் அந்தப் பழி உங்கள் ஒவ்வொருவர் தலையிலும் பொதுவாக விழுந்தது. வவுனியாவில் லாரி ஓட்டியவர் தலையிலும், திருகோணமலையில் சமையல் செய்தவர் தலையிலும், கண்ணிவெடி தேடிக் காலை இழந்தவர் தலையிலும். குற்றவாளியைக் காப்பாற்றுகிற அரசு அதே கையால் நிரபராதியைத்தான் அடிக்கிறது. உங்களை அவமதித்தவர்கள் சென்னையில் மட்டும் இருந்ததாக நீங்கள் நினைத்தால், தில்லியில் அந்த ஃபைலை மூடியவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நவம்பர் மாதம், பேங்கில் பென்ஷன்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்கிற வரிசையில் உங்களில் இன்னொருவரைச் சந்தித்தேன். புத்தூர்ப் பக்கத்துக்காரர். தாய்மொழி தெலுங்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடித் தமிழ் கற்றவர். தமிழ் தெரிந்தவன் என்று தெரிந்ததும் அவரைச் செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்களாம். சீக்கியர்களுக்கும் கூர்க்காக்களுக்கும் நடுவில் சனங்களோடு பேசத் தெரிந்த ஒரே ஆள் அவர். சுடுகிற வேலையைவிட அதுதான் கஷ்டம் என்றார். மற்றவர்களுக்கு ஓலம் வெறும் சத்தம். அவருக்கு அர்த்தம் புரியும். ஒரு நாள் ஒரு கிழவி, மகனைத் தேடி வந்தவள், நீ தமிழ்ப் பிள்ளையா என்று கேட்டாளாம். ஓம் என்றாராம். நீ இங்கே நிற்பது உன் தாய்க்குத் தெரியுமா என்று அடுத்துக் கேட்டாளாம். மேஜர் பக்கத்தில் நின்று அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கிறார். மகனைக் காணோம் என்கிறாள் சார் என்று மட்டும் மொழிபெயர்த்தாராம்.

இதை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வரிசையில் நின்ற என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருவேளை டோக்கன் நம்பர் வர நேரமாகிக்கொண்டிருந்ததால் இருக்கலாம். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், 1990-ல் நான் திருப்பிக் கொடுத்த காசு எனக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது.

நம் ஊர்களில் ‘மிலிட்டரி’ என்ற சொல் உயிரோடு இருப்பது இரண்டு இடத்தில்தான். ஒன்று மிலிட்டரி ஓட்டல். இன்னொன்று மிலிட்டரி சரக்கு. கல்யாண வீட்டில் உங்களைப் பார்த்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி, கேன்டீன் கோட்டா மிச்சம் இருக்கா அண்ணா என்பதுதான். எந்த யூனிட், எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்? ரம் பாட்டில் கொடுத்தவரின் கையில் இரண்டு விரல் ஏன் இல்லை என்று வாங்கியவர் கேட்டதில்லை.

நம் பக்கத்துச் சனங்களுக்கு மரியாதை செய்யத் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2021 பிப்ரவரியில் 1971 போரின் பொன்விழாச் சுடர் திருப்பதிக்கு வந்தது. அந்தப் போரில் கூர்க்கா படைப்பிரிவுக்குத் தலைமை வகித்து மகாவீர சக்கரம் பெற்ற மேஜர் ஜெனரல் வேணுகோபாலைத் தேடி அவர் வீட்டுக்கே முதலமைச்சர் ஜெகன்மோகன் ரெட்டி போனார். தொண்ணூறு வயதைத் தாண்டிய பெரியவர் அவர். பார்க்க நன்றாக இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விழுந்து, தளபதி ராவத்தோடு இறந்த லான்ஸ் நாயக் சாய் தேஜா அன்றைய நம் சித்தூர் மாவட்டத்துப் பையன். அவர் உடல் ஊருக்கு வந்த அன்று சாலை நெடுகச் சனம் நின்று பூத் தூவியது. வென்ற போருக்குச் சுடர் வருகிறது. விபத்தில் போன பிள்ளைக்குப் பூ வருகிறது. உங்கள் போர் இரண்டிலும் சேரவில்லை. வென்றது என்றும் சொல்ல முடியாது, தோற்றது என்றும் சொல்ல மனமில்லை, பேசாமல் விட்டுவிட்டார்கள்.

அமெரிக்காக்காரனுக்கும் வியட்நாம் விஷயத்தில் இதே சங்கடம் வந்தது. திரும்பி வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, தாங்களே காசு வசூலித்து 1982-ல் வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் ஒரு சுவர் எழுப்பினார்கள். செத்தவர்கள் ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம் பேர். பெயர் பெயராக வெட்டியிருக்கிறது. அந்தப் போர் சரி என்று சுவரில் எங்கும் எழுதவில்லை. தப்பு என்றும் எழுதவில்லை.

ஆனால் அதற்காக வாஷிங்டன்வரை போக வேண்டியதில்லை. கல் நடுவது நமக்குப் பழக்கமில்லாத காரியமா? பலமநேர், புங்கனூர்ப் பக்கம் போனால் வயல் ஓரத்திலும் புளியமரத்தடியிலும் நடுகல் நிற்கிறது. தெலுங்கில் வீரகல்லு என்பார்கள். வில்லும் கத்தியுமாக ஒருவன், அவன் காலடியில் சில சமயம் மாடு. மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. கவர்கிற வெட்சிக்கும் மீட்கிற கரந்தைக்கும் நம் பழைய ஆட்கள் ஒரே மாதிரிதான் கல் நட்டார்கள். தலைவன் சொன்னான், போனான், திரும்பவில்லை. ஊருக்கு அவ்வளவு போதுமானதாக இருந்தது. தலைவன் செய்தது சரியா என்ற வழக்கைத் தலைவனோடு வைத்துக்கொண்டார்கள். செத்தவன் பெயரோடு அதைக் கட்டவில்லை. தொல்காப்பியம் நடுகல்லுக்கென்று துறைகள் வகுத்த மொழியில், வேங்கடத்து அடிவாரத்தில் இருந்துகொண்டு, உங்களுக்குக் கல் நடுவதா வேண்டாமா என்று முப்பத்தைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

வெள்ளைக்காரனுக்குக்கூட அவ்வளவு யோசனை இல்லை. காட்பாடி வண்டி ஏறி வேலூர் போங்கள். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல் பதித்திருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. யாருடைய போர் அது? அவர்களுடையது இல்லை. என்றாலும் எண்ணி வைத்திருக்கிறான். எண் மட்டும்தான், பெயர் இல்லை. ராஜாவுக்கு எண் போதும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. உங்களை வெளியே போகச் சொன்ன இலங்கை, தன் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் உங்கள் தோழர்களின் பெயர்களைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. இந்தியப் பிரதமர் 2015-லும் 2025-லும் அங்கே போய் மலர் வைத்தார். தில்லியில் தேசியப் போர் நினைவகம் திறந்தது 2019 பிப்ரவரி 25 அன்று; அதற்கு முன் அந்தப் பெயர்களை மொத்தமாக ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் கொழும்புக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. தில்லிக் கல்லில் இப்போது அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பாகாலாவிலிருந்தோ நாராயணவனத்திலிருந்தோ ஒரு விதவைத் தாய் தில்லி போய்த் தன் மகன் பெயரைத் தடவிப் பார்க்க முடியுமா?

ஜனவரி 14-ஐ முன்னாள் படைவீரர் தினம் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. ராணுவத் தளபதி கரியப்பா ஓய்வு பெற்ற நாள். நம் ஊரில் அது போகியோ சங்கராந்தியோ. பழைய பாயை எரிப்பதில் ஒரு தெரு, கோலம் போடுவதில் ஒரு தெரு. அன்றைக்கு உங்களை யார் நினைக்கப் போகிறார்கள்? அந்தத் தேதியை நம்பி உட்கார வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எதற்காக நன்றி சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். ஜெயித்துக் கொடுத்ததற்காக இல்லை. யாழ்ப்பாணத்தைப் பிடித்ததற்காகவும் இல்லை. அதைப் பிடித்து யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதில், நாடு போ என்றதும் ஏன் என்று கேட்காமல் போனீர்கள். அங்கே தவறு நடந்தது என்று தெரிந்த பிறகும் யூனிட்டை விட்டு ஓடாமல் பக்கத்தில் நின்றவனுக்குக் காவலாக நின்றீர்கள். திரும்பி வந்து, ஊர் திரும்பிப் பார்க்காதபோதும், தியேட்டர் வாசலிலும் ஏடிஎம் வாசலிலும் நீல உடுப்புப் போட்டுக்கொண்டு காவல் நின்றீர்கள். பிள்ளைகளைப் படிக்க வைத்தீர்கள். கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. அந்தப் பொறுமைக்கு நன்றி. அந்தப் பொறுமையை எங்களுக்கு வசதியாக எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்பு.

நன்றியும் மன்னிப்பும் காகிதத்தில் சுலபம். அதனால் ஒரு காரியம் கேட்கிறேன். நம் இரண்டு மாவட்டங்களிலிருந்து இலங்கைக்குப் போனவர்கள் யார் யார், திரும்பாதவர்கள் யார் யார் என்ற பட்டியல் ஊரில் எவரிடமும் இல்லை. சித்தூர் சைனிக் வெல்ஃபேர் ஆபீஸில் பென்ஷன் காகிதங்கள் இருக்கும். ஆனால் ஊருக்கு வேண்டியது காகிதம் இல்லை. உங்களுக்கு நினைவிருக்கும் பெயரை எழுதிக் கொடுங்கள். உங்கள் பட்டாலியனில் இருந்த நம் பக்கத்துப் பையன், அவன் அப்பா பெயர், எந்த ஊர், எங்கே விழுந்தான். தெலுங்கிலோ தமிழிலோ, எழுத வராவிட்டால் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றில்லை; மகார், இன்ஜினியர்ஸ், சிக்னல்ஸ், சர்வீஸ் கோர், கப்பற்படை, எதில் இருந்தாலும் சரி. கல் எப்போது நடுவோம், யார் அனுமதி தருவார்கள் என்பதெல்லாம் அப்புறம். பெயர் இல்லாமல் கல் நட்டால் வேலூர் மணிக்கூண்டு மாதிரிதான் ஆகும்.

சொல்ல விருப்பம் இல்லாதவர்கள் சொல்ல வேண்டாம். செக்போஸ்ட்டில் நின்ற அந்த அண்ணன் மாதிரி ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நிறைய இருப்பீர்கள். அதைக் கேட்பது எங்கள் உரிமை ஆகிவிடாது.

வருகிற மார்ச் 24 காலை ஏழு மணிக்கு ரேணிகுண்டா ஸ்டேஷன் முதல் பிளாட்பாரத்துக்கு வாருங்கள். நாங்கள் ஆறேழு பேர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்களும் இரண்டு மூன்று பள்ளிக்கூட வாத்தியார்களும், காபி பிளாஸ்க்கோடும் இட்லிப் பொட்டலத்தோடும் நிற்போம். மைக் கிடையாது. பேச்சு கிடையாது. சால்வை கண்டிப்பாகக் கிடையாது. எந்தக் கட்சிக்காரரையும் கூப்பிடவில்லை. பிளாட்பாரம் டிக்கெட்டை நாங்களே எடுத்து வைத்திருப்போம். திரும்பாதவர்களின் வீட்டுக்காரர்களும் வரலாம். அம்மாக்கள் இருந்தால் யாராவது கைபிடித்து அழைத்து வாருங்கள். ஓவர்பிரிட்ஜ் ஏற வேண்டிய அவசியம் இல்லாதபடிதான் முதல் பிளாட்பாரத்தை வைத்திருக்கிறோம்.

அப்பா இப்போது இல்லை. ஸ்டாலும் கைமாறிவிட்டது. ஆனால் அந்த இடம் எது என்று எனக்குத் தெரியும், அங்கேயே நிற்கிறேன்.

யாரும் காசு எடுத்து வர வேண்டாம். பாகாலா போன அந்த அண்ணனிடம் அந்த இலங்கை ரூபாய் இன்னும் இருந்தால், அதை மட்டும் கொண்டு வாருங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரேணிகுண்டாவிலிருந்து உங்கள் தம்பி